பின்னலுக்குள் ஒரு வனிலா

"இது வனிலாவே இல்ல," என்று ஹசிந்தா தன் மணிக்கட்டைச் சென்ட் கடைப்பெண்ணின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அசல் வனிலா மேடம். பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க, பப்பாந்த்லா வனிலான்னு."

"நான் பொறந்ததே பப்பாந்த்லாவுல. எங்க கொல்லையிலயே கொடி இருக்கு. எனக்கே பாடம் எடுக்காதீங்க."

"திறந்த பாட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டோம் மேடம்."

போனஸ் பணம் மொத்தமும் அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது. கொடி எங்கள் கொல்லையில், பாட்டிலில் அடைப்பது பாரிஸில், நடுவில் கொழுத்தவன் எவனோ என்று பொருமிக்கொண்டே ஹசிந்தா மெட்ரோவில் ஏறினாள். மறுபடி முகர்ந்தாள். ஆறிப்போன பால் மாதிரி ஏதோ ஒன்று. அவள் தேடிய வாசம் அதில் துளியும் இல்லை.

அவள் தேடியது அம்மாவின் பின்னலை. அவர்கள் ஊர்ப் பெண்கள் வெயிலில் பதமாகிக் கருத்த வனிலாக் காயைக் கூந்தலில் செருகிக்கொள்வார்கள். காயெல்லாம் வியாபாரியின் மூட்டைக்குள் போனாலும் ஒன்றை மட்டும் அம்மா தனக்கென்று ஒளித்துக்கொள்வாள் என்றே ஹசிந்தா நம்பியிருந்தாள். அந்தப் பின்னலில் மூக்கைப் புதைத்துத் தூங்கித்தான் அவள் வளர்ந்தாள்.

அப்புறம் அந்த வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி ஆனாள். தலைநகரத்தில் வேலை கிடைத்தது. "போகாதேடி" என்று அழுத அம்மாவிடம், "இந்த ஊர்ப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி கத்திவிட்டு வந்தாள். இப்போது போனில் "சாப்டியா?", "சாப்ட்டேன்" என்பதோடு சரி. ஏங்குகிறேன் என்று சொன்னால் தோற்ற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பாட்டில்.

"ஒண்ணு மேல ஒண்ணா அடிக்கணும்டி," என்றாள் அறைத்தோழி பிரிசெய்தா. "அப்பத்தான் எடுப்பா இருக்கும். உன் வனிலாவுல என்ன குறையுது, சொல்லு."

ஹசிந்தா கண்ணை மூடி அம்மாவை நினைத்தாள். "புகை. விறகடுப்புப் புகை."

பிரிசெய்தா தன் அண்ணனின் புகையிலை சென்ட்டை எடுத்து அடித்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"துக்க வீட்டுக்கு வந்த சித்தப்பா மாதிரி இருக்கே."

"இனிப்பு பத்தல."

தேங்காய் க்ரீமைக் கழுத்து வரை பூசினார்கள்.

"இப்ப சித்தப்பா துக்க வீட்டுல தேங்கா மிட்டாய் திங்கிறார்."

"பூ வாசம் கொஞ்சம் சேர்த்தா?"

ஆரஞ்சுப்பூத் தண்ணீரை ஊற்றினார்கள்.

"சரியாப் போச்சு. சித்தப்பாவுக்கு ரெண்டாம் கல்யாணம்."

தேய்த்துக் குளித்தும் போகவில்லை. காலையில் அதை அமுக்குவதற்காக வனிலாவையே மேலும் நாலு தரம் அடித்துக்கொண்டு ஹசிந்தா கிளம்பினாள். மெட்ரோவில் பெண்கள் பெட்டி பிதுங்கியது. ஆனால் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து போனதால் கைப்பையையும் உட்கார வைத்தாள்.

ஆபீஸ் லிஃப்ட்டில் உடம்பு வேர்த்ததும் நிலைமை முற்றியது. மேலதிகாரி ராமிரோ கைக்குட்டையோடு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"யாருக்காவது பொறந்த நாளா? கேக்கு வாசம் வருதே."

"கேக்கு தீயிற வாசம் சார்," என்றது ஒரு குரல்.

"தீயா?" என்றது இன்னொரு குரல்.

அவ்வளவுதான். யாரோ அபாய மணியை அழுத்தினார்கள். காவலாளி தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வழியில் ஹசிந்தாவைக் கடந்தவன் நின்று, முகர்ந்து, அவளையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மொத்த மாடியும் நடைபாதைக்கு இறங்கியது. எல்லோரும் கூட்டமாக ஒரு பக்கம் நிற்க, ஹசிந்தா மட்டும் காற்றடிக்கும் திசை பார்த்துத் தனியாக ஒதுங்கி நின்றாள். இதற்கு மேல் தோற்க என்ன மிச்சம்? போனை எடுத்தாள்.

"அம்மா."

"என்னடி வேலை நேரத்துல? சாப்டியா?"

"சாப்பிடல. அம்மா, பின்னல்ல வெப்பியே, அந்த வனிலாக் காய். ஒண்ணே ஒண்ணு அனுப்பேன்."

"எதுக்குடி?"

"இங்க தூக்கமே வரலம்மா. அசல் வனிலான்னு ஒருத்தி தலையில கட்டிட்டா. உன் வாசம் அதுல இல்லவே இல்ல."

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அடிப் பைத்தியமே, ஒடஞ்ச காய்கூட மிச்சமில்லாம எல்லாத்தையும் வித்துத்தானே உன்னைப் படிக்க வெச்சேன்? அந்த வாசம் இல்லாம நீ தூங்க மாட்டேன்னு அழுவியேன்னு, பின்னல்ல நான் தடவிக்கிட்டதெல்லாம் முக்குக் கடையில விக்கிற கேக்கு எசன்ஸ்டி."