ஞாயிற்றுக்கிழமை எடுத்த எண்ணெய்

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். தங்கள் தங்கையும் நலம். அவளுடைய வலது முழங்கால் முழு நலம், இடது முழங்கால் வழக்கம்போல. அங்கே தாங்களும் வீட்டாரும் தங்கள் ரத்த அழுத்தமும் அளவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அழுத்தம் மட்டும் அளவில் இல்லையென்றால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "கியர் பாக்ஸ் போன வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், சாவியை எடுத்து வையுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். சாவியை எடுத்து வைக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும். முப்பத்தோரு வருடம் நூலகத்தில் அடுத்தவர் எழுதியதை அடுக்கி வைத்தவன், ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி தாங்கள் கொடுத்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இடது கால் இனிமேல் கிளட்ச் மிதிக்காது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, கிளட்ச் பெடலே இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போனீர்கள். அதிலிருந்து துணி தைக்கக் கொடுக்கிற வீடுகளுக்கெல்லாம் அவளே ஓட்டிப்போய் அளவெடுத்து, தைத்து, அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும், எண்ணியிருக்கிறேன். வண்டி போனால் அவளுக்கு இந்த வாசல்தான் ஊர் எல்லை. தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஓட்ட வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை இறுகும் முன் கண் மூடிக்கொள்ளும். ஆனாலும் வீட்டில் வண்டி என்று ஒன்று இருந்தால், கணவன் என்று ஒருவன் ஏதாவது செய்ய வேண்டாமா. இரண்டு வேலை எடுத்துக்கொண்டேன். அவள் வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது நடுத்தெருவில் நின்று, கையை உயர்த்தி, "வா, வா, வா, போதும், போதும்" என்று சொல்வது ஒன்று. அதில் எனக்கு நல்ல பெயர், தெருவே நின்று பார்க்கும். ஓய்வு பெற்ற பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியைத் துடைத்து, டயரைத் தட்டிப் பார்த்து, எண்ணெய் அளவு பார்ப்பது. அதில்தான் வந்தது வினை.

மச்சான், இங்கிருந்து கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். கியர் பாக்ஸுக்கென்று தனியாக ஒரு சிவப்பு எண்ணெய் உண்டு. அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் குச்சி உண்டு, குச்சியில் ஒரு கோடு உண்டு. ஓய்வு பெற்ற முதல் ஞாயிறே உருவிப் பார்த்தேன், எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. கோடு என்று ஒருவன் போட்டு வைத்தால் அதில் நிற்க வேண்டும் என்பது என் கொள்கை. மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்சாக ஒன்று வாங்கி, முனையில் மெல்லிய குழாய் மாட்டி, அதிகமாக இருந்ததை உறிஞ்சி எடுத்து ஒரு டப்பாவில் ஊற்றி ஷெட்டில் வைத்தேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் மறுபடியும் கோட்டுக்கு மேலே. மறுபடியும் எடுத்தேன். எடுக்க எடுக்க ஊறிக்கொண்டே இருந்தது. மைத்துனர் கொடுத்த வண்டி வற்றாத கிணறு என்று பெருமைப்பட்டேனே தவிர, அது எப்படி ஊறும் என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை. இப்படி நூற்று நான்கு ஞாயிறு. இது நானும் அந்தச் சிரிஞ்சும் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது தங்களுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வண்டி யோசிக்க ஆரம்பித்தது. அவள் கியரை முன்னால் போகிற 'டி'யில் போடுவாள், நான் மனசுக்குள் எண்ணுவேன், ஐந்தில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நகரும். பிறகு அது எட்டாயிற்று. பிறகு மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் காட்டுக்கத்தல் கத்தும், சக்கரம் எனக்கென்ன வந்தது என்று நிற்கும். ஒரு செவ்வாய்க்கிழமை ரிவர்ஸே இல்லை. நான் நடுத்தெருவில் "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறேன், எஞ்சின் சத்தம் மட்டும் வருது, வண்டி வரல. அவள் கண்ணாடியை இறக்கி, "கையை இறக்குங்க, அது வராது" என்றாள்.

இரண்டு ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். இந்த மாடலா என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் தங்களுக்கு அவள் போன் பண்ணியிருக்கிறாள். மூன்று நாள் ஷெட்டைப் பார்த்த ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள், மிஷின் ஓடவில்லை. போன் வரும்போதெல்லாம் "இந்த வாரம் முடியாதுங்க" என்றாள். மூன்றாம் நாள், "இந்த மிஷினையும் கொடுத்துடலாங்க. வீட்டுக்குள்ள நான் யாருக்கு அளவெடுக்கப்போறேன்" என்றாள். அழவில்லை மச்சான். அழுதிருந்தாலாவது தேவலை. மறுநாள் காலையிலிருந்து அவளுக்கு நான்தான் டீ போட்டுக் கொடுக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் வழக்கமாக நம் வண்டிக்கு பிரேக் பார்க்கிற மெக்கானிக்கையே போய்ப் பிடித்தேன். அவரைத் தெருவில் எல்லாரும் 'பொறுங்க' என்றுதான் சொல்வார்கள், எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார். கியர் பாக்ஸ் பிரிப்பாரா என்று கேட்டேன். "பொறுங்க. பிரிக்கறது பெருசில்ல, சேர்க்கணும்" என்றார். வந்து எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவினார். "ஓடும்போதா பார்ப்பீங்க?" என்று கேட்டேன். "ஓடும்போதுதான் சார் பார்க்கணும், நல்லா சூடானப்புறம். நிறுத்திட்டுப் பார்த்தா எண்ணெயெல்லாம் கீழ இறங்கி மேல காட்டும்" என்றார். கணக்குப் போட்டேன். நூற்று நான்கு ஞாயிறும் நான் நிறுத்திவிட்டுத்தானே பார்த்தேன்.

அவர் குச்சியை முகர்ந்தார், எனக்கும் நீட்டினார். அடிப்பிடித்த பாத்திரத்தின் வாசனை. அடித்தட்டைக் கழற்றினார், உள்ளே ஒரு சின்னக் காந்தம், அதில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது, மீதி இடமெல்லாம் கரி. "உள்ள கிளட்ச் தட்டெல்லாம் தேஞ்சு கருகிப்போச்சு. தானா வந்ததில்ல சார், யாரோ படுத்தியிருக்காங்க" என்றார், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு. நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனசு வரல. திரும்பிப் பார்த்தேன், ஜன்னலில் அவள் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியர் பாக்ஸை ஜாக்கியில் இறக்கி, ஷெட் தரையில் ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்து, ரெண்டு நாளா பிரிச்சார். பிரிக்கிறதில் அவருக்கு ஒரு முறை உண்டு. கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே வருவார், எழுத மாட்டார், வாயைத் திறக்க மாட்டார். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக்கொண்டே வந்தால் போதும். தட்டு, வளையம், ஸ்பிரிங், பல்சக்கரம் என்று விரிப்பு முழுக்க நிறைந்துவிட்டது. எண்ணெய் கசியாமல் அடைக்கிற புது சீலும் புதுத் தட்டும் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் என்றால் வெளியாட்கள் என்று நினைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் ஷெட்டுக்குள் போனேன். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் தட்டு, அதுக்கப்புறம் மறுபடி ஒரு பல்சக்கரம். முப்பத்தோரு வருடம் அடுக்கியவன் கண்ணுக்கு அது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. நான் செய்த பாவத்துக்கு ஏதாவது ஒரு நல்லது செய்வோம் என்று உட்கார்ந்து, வளையமெல்லாம் ஒரு வரிசை, ஸ்பிரிங்கெல்லாம் ஒரு வரிசை, பெரிதிலிருந்து சிறிதுக்கு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அட்டை எழுதி வைத்தேன். அழகாக இருந்தது மச்சான், இதை நான் மறுக்க மாட்டேன். குட்டிக்குட்டியாக ஏழு இரும்புக் குண்டு இருந்தது, உருண்டு போய்விடுமே என்று என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுப் பத்திரப்படுத்தினேன்.

சாமான் வந்த அன்றைக்குப் 'பொறுங்க' வந்தார். விரிப்பைப் பார்த்தார். அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் "பொறுங்க" என்று சொல்லவில்லை. அப்படியே ஷெட் படியில் உட்கார்ந்துவிட்டார். "சார், நீங்க நல்லவரு" என்றார். அந்தக் குரலில் யாரும் என்னை நல்லவன் என்று சொன்னதில்லை. நீங்கள் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. இரும்புக்காரருக்கு இனி வண்டியைப் பிரிக்கிற வேலைகூட இல்லை, நானே தரம் பிரித்து அட்டை போட்டு வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் தங்கள் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஷெட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். குனிந்து ஒரு வளையத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள், இன்னொன்றைத் தூக்கினாள். "ரெண்டு பேரும் எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கீங்க. துணியைப் பாருங்க, எங்கெங்க எது இருந்துச்சுன்னு எண்ணெய்க் கறை இருக்கே" என்றாள். பார்த்தால், வெள்ளை விரிப்பில் இடமிருந்து வலமாகச் சிவப்புச் சிவப்பாக வட்டம், பல் பல்லாக வட்டம், சுருளின் தடம். ஒவ்வொன்றும் நாலு நாள் உட்கார்ந்து அதன் அச்சைப் பதித்துவிட்டிருந்தது. தைக்கிறவள் கண் அது. நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, "அந்த நாலாவது வளையம் இல்லைங்க, அதுக்கு உள்சுத்து பெருசு, பக்கத்துல இருக்கே அது" என்று அளவு நாடாவை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நானும் 'பொறுங்க'வும் எடுத்து எடுத்துக் கறையின் மேல் வைத்தோம். சாயங்காலத்துக்குள் எல்லாம் அதன் அதன் இடத்தில் இருந்தது. ஏழு குண்டுக்கு மட்டும் அரை மணி தேடினோம். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைக்கப் போனபோதுதான் எங்கே போட்டேன் என்று நினைவு வந்தது.

கருகின தட்டெல்லாம் போய்ப் புதுத் தட்டு வந்தாச்சு. சீலெல்லாம் புதுசு. ஆறு நாள் பூட்டி, ஏற்றி, புது எண்ணெய் ஊற்றி, எஞ்சின் ஓட ஓட அளவு பார்த்து, நேற்று காலை அவளிடம் சாவியைக் கொடுத்தோம். அவள் 'டி'யில் போட்டாள். நான் ஒன்று என்று எண்ண வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மேட்டில் ஏறி, கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். இன்றைக்கு மிஷின் சத்தம் காலையிலிருந்து நிற்கவில்லை, நான் எழுதுகிற மேஜை ஆடுகிறது, கையெழுத்து மோசமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே மச்சான், இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கியர் பாக்ஸை வயதுதான் கொன்றது என்று தங்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். கொடுத்தவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்றுதான் தங்களுக்கு மட்டும் எழுதினேன். அவளுக்குக் காலாக இருக்கிற வண்டியை நானே முடக்கினேன் என்று அவளுக்குத் தெரிந்தால் என்னால் தாங்க முடியாது. சிரிஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் தங்கள் ரத்த அழுத்தத்துக்கு என் மன்னிப்பையும் சொல்லவும்.

தங்கள் அன்பு மறவாத,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்க்க அவளிடமே கொடுக்கிறேன். கவலை வேண்டாம், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: அண்ணா, நான்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் ஒட்டற உறையை ஆவி காட்டித்தான் பிரிக்கிறேன், கிழியாது. அவர் எண்ணெய் எடுக்கிறது எனக்கு முதல் வாரமே தெரியும், ஜன்னல் வழியா பார்த்தேன். பிரேக் பார்க்கப் போனப்ப 'பொறுங்க'வும் அளவு குறைஞ்சிருக்குன்னு சொன்னார். சொன்னா மனசு ஒடிஞ்சிடுவார், வேலையிலிருந்து நின்னப்புறம் அவருக்குன்னு இருந்ததே அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதனால 'பொறுங்க'கிட்ட ஒரு டின் எண்ணெய் வாங்கி தையல் துணிக்கு அடியில வச்சுக்கிட்டு, அவர் ஞாயிறு எடுத்ததை நான் திங்கட்கிழமை ஊத்திடுவேன். கிணறு ஊறினது அப்படித்தான். கியர் பாக்ஸ் போனது என்னால அண்ணா. இவர் நடுத்தெருவுல நின்னு கையை ஆட்டறதை ஊரே வேடிக்கை பார்க்குதேன்னு வெட்கப்பட்டு, வண்டி பின்னால ஓடிக்கிட்டிருக்கும்போதே 'டி'யில தள்ளிட்டு ஓடிடுவேன். பதினோரு வருஷமா அதே வேலை. உள்ளே தட்டு தேஞ்சது அதனாலதான்னு 'பொறுங்க' அன்னிக்கே ஜன்னலைப் பார்த்துச் சொல்லிட்டார். இவர்கிட்டயும் சொல்லிடலாம்னு மறுநாள் காலையில வாயைத் திறந்தேன், அதுக்குள்ள டீயோட வந்து நின்னார். அப்புறம் சொல்ல மனசு வரல. நீயும் சொல்லிடாதே. இரும்புக்காரர் இல்லாம நீ மட்டும் வா, ஸ்டேஷனுக்கு நானே வண்டி கொண்டு வர்றேன், வர கொஞ்சம் தாமதமாகும். நேத்திலிருந்து ரிவர்ஸ் எடுத்தா, அவர் கை இறங்கற வரைக்கும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு நிற்கிறேன்.