ஆழம் ஒரு முழங்கால்

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இந்தக் கதைக்கு மூன்று காடுகள் வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் மற்ற இரண்டும் கோபித்துக்கொண்டு கூட்டத்துக்கு வராது.

ஆகவே, ஒரு கடற்கரையில் மூன்று காடுகள் இருந்தன. தெற்கே யானைக் காடு. வடக்கே கொக்குக் காடு. நடுவில், தண்ணீர் சூழ்ந்த ஒரு சின்னத் திட்டு. அது மான்களின் காடு. திட்டுக்குத் தெற்கே ஒரு கால்வாய், வடக்கே ஒரு கால்வாய். புயல் வந்தால் இரண்டில் ஒன்றைத் தாண்டித்தான் மான்கள் கரைக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு புயலும் அடிமணலைப் புரட்டிப் போட்டுவிடுவதால், எது எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. மாரிக்கொழுந்து என்ற பெண்மானின் துணை, போன புயலில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

"ஆழம் தெரியாமல் காலை விட்டால் இப்படித்தான்" என்று மூன்று காடுகளும் சேர்ந்து துக்கப்பட்டன. துக்கம் முற்றிக் கூட்டமைப்பு ஆனது. யானை தலைவர். கொக்கு துணைத்தலைவர். நரிக்கு எந்தக் காடும் சொந்தமில்லை என்பதால் செயலாளர். பதவி வந்த அன்றே மூவரும் யானையார், கொக்கார், நரியார் ஆகிவிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். நமக்கெதற்கு வம்பு.

கால்வாய்களை எந்த அளவில் அளப்பது என்பதுதான் முதல் பிரச்சினை.

"முழம் போடலாமே" என்றார் கொக்கார்.

"முழத்துக்குக் கை வேண்டும். கை குரங்குகளுக்குத்தான் இருக்கிறது. அவர்கள் நம் கூட்டமைப்பில் இல்லை" என்றார் நரியார்.

"பிறகு?"

"முழங்கால்! மூன்று காட்டிலும் எல்லோருக்கும் இருப்பது அதுதான். இதுவல்லவா ஒற்றுமை!"

எல்லோரும் ஒருமுறை குனிந்து தத்தம் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் திருப்தி. மாரிக்கொழுந்தும் குனிந்து பார்த்தது. மெலிந்த கால்தான், ஆனாலும் முழங்கால் முழங்கால்தானே. எல்லோரையும்விட அதிக நேரம் குளம்பைத் தட்டிப் பாராட்டியது அதுதான்.

யானையார் தெற்குக் கால்வாயில் இறங்கி நின்றார். "ஒரு முழங்கால்" என்றார். கொக்கார் வடக்குக் கால்வாயில் நெஞ்சு நனைய நின்றார். "இரண்டு முழங்கால்" என்றார். கொக்காரின் கால் பின்பக்கமாக மடங்குவதால் அவருடைய அளவைக் கூட்டுவதா கழிப்பதா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். அது ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, கூட்டுவதே முறை என்று கண்டுபிடித்தது.

பிறகு திட்டில் ஒரு பலகை நட்டார்கள்: 'தெற்கு: ஒரு முழங்கால். வடக்கு: இரண்டு முழங்கால். ஆழம் தெரிந்து காலை விடுவீர்.'

மாரிக்கொழுந்துக்கு ஒரு குட்டி இருந்தது. பெயர் துள்ளி. தாய் அதைத் தினமும் பலகையின் முன் நிறுத்தி வாசிக்க வைக்கும். "உங்கப்பா காலத்துல இந்த வசதியெல்லாம் ஏது?" என்று சொல்லும்.

அடுத்த புயல் வந்தது. கூட்டமைப்பின் மைனா ஒலிபெருக்கியோடு திட்டைச் சுற்றிப் பறந்தது. "திட்டுவாழ் பெருமக்களே! கடல் ஏறப்போகிறது. பதற்றம் வேண்டாம். ஆழங்கள் தயார் நிலையில் உள்ளன!"

மாரிக்கொழுந்து பதறவில்லை. ஒன்று சின்னது, இரண்டு பெரியது. குட்டியோடு தெற்கே போனது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அது தெரிந்துகொண்டுதான் விட்டது.

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. "இதோட சரி, இனிமே ஏறாது" என்றது தாய். அடுத்துத் தண்ணீர் வயிற்றைத் தொட்டது. பிறகு கழுத்துக்கு வந்தது. குட்டி தாயின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு காலை உதைத்து வந்தது.

"அம்மா, முழங்கால் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் முடியல கண்ணு. வந்துக்கிட்டே இருக்கு."

ஓர் அலை வந்தது. தாயைத் தென்கரையில் ஒதுக்கியது. துள்ளியைக் கடலுக்குக் கொண்டுபோனது. இந்த இடத்தைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனால் கதை என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் கூட்டமைப்பு விசாரணைக்கு வந்தது. யானையார் எல்லோர் முன்னிலையிலும் தெற்குக் கால்வாயில் இறங்கினார். இந்தப் புயல் மணலை அவ்வளவாகப் புரட்டியிருக்கவில்லை. தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டு நின்றது, ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. கொக்கார் வடக்கே இறங்கினார். சரியாக இரண்டு முழங்கால். அந்த இரண்டும் ஒரு மானின் வயிற்றை எட்டாது. அதை யாரும் பேசவில்லை. பேசுவதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை.

"அளவில் பிழை இல்லை" என்று நரியார் அறிவித்தார். மூன்று காடுகளும் பெருமூச்சு விட்டன.

மாரிக்கொழுந்து முன்னால் வந்தது. அழுது ஓய்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டது. "ஐயா, எம்புள்ளைக்கு அது எத்தனை முழங்கால்?"

யானையார் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நரியார் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, குட்டியின் முழங்கால் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றதல்ல."

அன்றே இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, ஆழ்ந்த இரங்கல். எவ்வளவு ஆழ்ந்தது என்று கேட்டபோது, "ஒரு முழங்கால்" என்று எழுதிக்கொண்டார்கள். மற்றொன்று, அடுத்த புயலுக்குள் திட்டுவாசிகள் அனைவரும் தங்கள் கால்களைத் தரமான உயரத்துக்கு வளர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் தரையைத் தட்டிப் பாராட்டினார்கள். மாரிக்கொழுந்து குனிந்து தன் முழங்காலைப் பார்த்தபடியே நின்றது.

நீதி: ஆழம் தெரியாமல் காலை விடாதே. தெரிந்து விட்டும் மூழ்கினால், குற்றம் காலுடையது.