சிஸ்டர் வீட்டு ஹேமாக்கா

திண்டுக்கல் ஜில்லாவிலேயே தூக்கத்தை மரியாதையாக நடத்திய ஒரே மனுஷி எங்கள் தெரு சிஸ்டர்தான். மற்றவர்கள் தூக்கம் வந்தால் தூங்குவார்கள். சிஸ்டர் தூக்கத்துக்குத் தயாராவார். மதியம் ஒரு மணிக்கு முகம் கழுவி, தலை வாரிப் பின்னி, துவைத்து மடித்த நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக வாசலுக்கு வருவார். பார்ப்பவர்கள் ஏதோ விசேஷத்துக்குக் கிளம்புகிறார் என்று நினைப்பார்கள். அவர் தூங்க வருகிறார்.

சிஸ்டர் என்றால் நர்ஸ். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை, அதில் பெரும்பகுதி நைட் டியூட்டி. ஓய்வு பெற்ற கையோடு எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு வந்தார். அவருக்கென்று ஒரு பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நான் எங்கள் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். எப்படி ஆனேன் என்று கேட்காதீர்கள். பொதுக்குழுக் கூட்டத்தில் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதவியின் மிடுக்கோடு சிஸ்டரை வரவேற்கப் போனேன். அவர் எனக்குப் பின்னால், எங்கள் வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாமா, படுப்பதற்குத் தூளி மாதிரி ஒன்று போடவேண்டும் என்றார். முருங்கை தாங்காது சிஸ்டர் என்றேன். அவருடைய உடல்வாகைப் பற்றி நான் சொன்னதாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, இரண்டு நாள் பேசவில்லை.

வீட்டில் கட்டில் இல்லையா என்று என் மனைவி விசாரித்தாள். இருந்தது. ஆனால் சிஸ்டர் அதில் படுப்பதில்லை. வாழ்நாளெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றவர். கட்டிலில் படுத்தால் யாரோ டெம்பரேச்சர் பார்க்க வருவார்கள் என்று தோன்றுகிறதாம், தூக்கம் பிடிக்கவில்லையாம். கூரையில் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. செயலாளர் முருங்கை தரவில்லை. ஆகவே சிஸ்டர் இரும்பு ஸ்டாண்டோடு வரும் வலைத் தொட்டில் ஒன்றைப் போனிலேயே ஆர்டர் போட்டார். அதற்கு ஹேமக் என்று பெயர்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. சிஸ்டர் கூரியர்காரரிடம் போனில் பேசியதைக் கேட்டு, யாரோ ஹேமாக்கா என்பவர் வருவதாக என் மனைவி புரிந்துகொண்டாள். மறுநாள் கீரை வாங்கும்போது அன்பாகக் கேட்டாள்.

"ஹேமாக்கா எப்ப வாராங்க சிஸ்டர்?"

"நாளைக்கு வந்துரும்மா. பார்சல்ல."

சிஸ்டரே தொடர்ந்தார். "கோயம்புத்தூர்ல இருந்து வருது. ரெண்டு பொட்டியா பிரிச்சு அனுப்புறாங்களாம்."

கீரையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். நானாவது யோசித்திருக்கலாம். நான் காகிதம் எடுத்து, எதிர்வீட்டு சிஸ்டரின் உறவினர் ஹேமா அவர்களின் மறைவுக்கு நலச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு தீர்மானம் எழுதி முடித்தேன். மறுநாள் இரண்டு அட்டைப் பெட்டிகள் வந்தன. தெருவே ஒரு மாதிரி தூரத்தில் நின்று பார்த்தது. பெட்டியைப் பிரித்தால் இரும்புக் குழாய்களும் நட்டு போல்ட்டும் ஒரு கயிற்று வலையும். இரங்கல் தீர்மானத்தைச் சட்டைப்பையில் இன்னும் உள்ளே தள்ளினேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்கு ஹேமாக்கா என்றுதான் பெயர்.

ஸ்டாண்டை நான்தான் பூட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே ஸ்பானரோடு போனேன். படம் போட்ட விளக்கக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அனுபவத்தில் ஒரு மணி நேரம் முறுக்கினேன். ஸ்டாண்டு நின்றது. கையில் மூன்று போல்ட் மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் உபரியாகக் கொடுத்திருக்கிறான் என்றேன்.

சிஸ்டர் அந்த மூன்றையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "வயித்தத் தைச்சு முடிச்சிட்டு, எண்ணிப் பாத்தா மூணு கத்தரி கொறையுதுன்னா, பரவாயில்லன்னு வீட்டுக்கு அனுப்புவமா தம்பி?"

முழுவதையும் கழற்றி, காகிதத்தைப் பார்த்து அவரே பூட்டினார். இருபது நிமிஷம் ஆயிற்று. போல்ட் எதுவும் மிச்சமில்லை.

என் மானத்தை மீட்டுக்கொள்ள ஒரு வழிதான் இருந்தது. செயலாளர் என்ற முறையில் நானே படுத்துத் தொடங்கிவைக்கிறேன் என்றேன். வலையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு கணம் எதிரே தெரு தெரிந்தது, அடுத்த கணம் வானம், பிறகு சிமெண்ட் தரை மிக அருகில். தலையில் அடிபட்டதா என்று மட்டும் சிஸ்டர் கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் எழுந்துகொள்ளலாம் என்றார். முழங்கையில் பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். முதலில் வலையின் நடுவில் உட்கார வேண்டும், அப்புறம் காலைத் தூக்க வேண்டும், நீளவாக்கில் படுக்கக் கூடாது, குறுக்குவாட்டில் சாய்ந்து படுத்தால்தான் முதுகு நேராக இருக்கும். தெரு முழுக்க இந்தப் பாடத்தைக் கேட்டது. உதாரணமாகக் கீழே விழுந்து காட்டியவன் நான்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் ஒன்று முதல் நான்கு வரை சிஸ்டர் போர்டிகோவில் தெருவைப் பார்த்தபடி உறங்கினார். கேட்டில் ஒரு அட்டை தொங்கும். அவசரம் என்றால் மட்டும் எழுப்பவும், கரண்ட் போனது அவசரம் அல்ல என்று அதில் எழுதியிருந்தது. நான்கு மணிக்கு எழுந்து, ஸ்டாண்டைத் துடைத்து, வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் காபி போடுவார்.

வெளியூர் போனாலும் ஹேமாக்கா கூடப் போனாள். எங்கள் தெருவில் இருக்கும் பூ ஏஜெண்டின் மகளுக்கு நிலக்கோட்டையில் கல்யாணம். அவருடைய வேனில் மல்லிகைக் கூடைகளோடு ஸ்டாண்டும் போயிற்று. மண்டபத்துக்குப் பின்னால் வேப்ப நிழலில் சிஸ்டர் பூட்டி நிறுத்தினார். இரண்டு நாளாகக் கண் மூடாமல் ஓடியாடிக்கொண்டிருந்த பெண்ணின் தாய்மாமன், செத்த நேரம் காலை நீட்டிக்கொள்கிறேன் என்று சிஸ்டரிடம் அனுமதி கேட்டுப் படுத்தார். அரை மணியில் மேடையில் தாய்மாமனைத் தேடுகிறார்கள். மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கூட்டம், முறை செய்வதில் ஏதோ மனக்குறை என்று இன்னொரு கூட்டம், பெண் வீட்டில் பாதிப்பேர் அழுகிற நிலைமை. கடைசியில் பின்னால் வந்து கண்டுபிடித்தால், ஆளை உலுக்கி எழுப்ப சிஸ்டர் விடவில்லை. அப்படி எழுப்பினால் படபடப்பு வரும் என்று பாதத்தைத் தடவி, பெயரைச் சொல்லி, ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டு எழுப்பினார். முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் தாய்மாமனின் வலது கன்னத்தில் கட்டம் கட்டமாக வலை இருக்கிறது.

அதற்குப் பிறகு ஹேமாக்காவுக்கு ரசிகர்கள் பெருகினார்கள். எனக்கு எரிச்சல் பெருகியது. காரணத்தை இப்போது ஒத்துக்கொள்கிறேன், பொறாமை. எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் அடித்துப்போட்ட மாதிரி எழுந்திருப்பேன். ஆபீசில் ஃபைலில் கையெழுத்துப் போடும்போதே கோடு இழுத்துக்கொண்டு போய்விடும். எதிர்வீட்டிலோ ஒரு மனுஷி ராணி மாதிரி ஆடிக்கொண்டே தூங்குகிறார். ஒருநாள் உட்கார்ந்து நலச் சங்கத்தின் லெட்டர் பேடில் ஒரு கடிதம் எழுதினேன். தெருவை நோக்கிப் படுத்து உறங்குவது தெருவின் கண்ணியத்துக்கு உகந்ததல்ல என்று தொடங்கி, ஒரு பக்கம்.

அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் கொண்டுபோனேன். சிஸ்டர் அப்போதுதான் படுக்கத் தயாராகி நின்றார். உட்கார்ந்து படியுங்கள், கேட்கிறேன் என்றார். உட்கார அங்கே இருந்தது ஹேமாக்கா மட்டும்தான். நடுவில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தேன். முதல் பத்தியைக் கம்பீரமாகப் படித்தேன். இரண்டாவது பத்தியில் 'மேலும்' என்ற வார்த்தை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. யாரோ என் காலைத் தூக்கி வைத்துக் குறுக்காகக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில், வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் சிஸ்டர், கையில் வாட்ச். அவருக்குப் பின்னால் என் மனைவி, முகம் வெளிறி. என்னுடைய கடிதத்தின் பின்பக்கம் முழுக்க சிஸ்டர் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தார். நான்கு நான்கு கோடாகப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழித்து எண்ணும் கணக்கு.

"இம்புட்டுத் தடவை உங்களுக்கு மூச்சு நின்னது தம்பி" என்றார்.

சிரித்தேன். எனக்குக் குறட்டை உண்டு, தெருவுக்கே தெரியும், குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று அர்த்தம் என்றேன். மனைவியும் எனக்குப் பரிந்துதான் பேசினாள்.

"கொறட்டை சத்தமாத்தான் இருக்கும் சிஸ்டர். ஆனா நடு நடுவுல நின்னுரும். அப்பத்தான் நான் கொஞ்சம் நிம்மதியாக் கண்ணசருவேன்."

"அப்பத்தாம்மா அவருக்கு மூச்சு நிக்குது" என்றார் சிஸ்டர்.

மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக நான் மூச்சில்லாமல் கிடந்த நேரமாகப் பார்த்து தான் நிம்மதியாகத் தூங்கியிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் மட்டும் அசையவில்லை. ஆஸ்பத்திரி என்றால் எனக்குப் பயம். அதை வெளியே சொல்லாமல், வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். சிஸ்டர் வற்புறுத்தவில்லை. போன மாதம் பேகம்பூர் பக்கம் வண்டியோடு மணல் குவியலில் போய் விழுந்தேனே, அது எப்படி என்று சாதாரணமாகக் கேட்டார். நாய் குறுக்கே வந்தது என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"என்ன கலரு நாயி?"

"கருப்பு" என்றேன்.

"செவலைன்னீங்களே" என்றாள் மனைவி.

நாய் வரவில்லை. எந்தக் கலரிலும் வரவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். மணல் குவியலுக்குப் பதிலாக அங்கே ஒரு லாரி நின்றிருக்கலாம், பின்சீட்டில் இவள் உட்கார்ந்திருக்கலாம். இதையெல்லாம் எனக்குள்ளேயே ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த வலையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். என் மனைவி திட்டுவாள் என்று பார்த்தேன். அழுதாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுவாரம் மதுரைக்குக் கூட்டிப்போய், உடம்பெல்லாம் வயர் ஒட்டி, ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். சிஸ்டர் போட்ட கோடுகள் சரிதான் என்று டாக்டர் சொன்னார், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயத்துக்கு ஆபத்து என்றும் சொன்னார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். அதை மாட்டினால் எனக்கு யானைத் தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கும். இரண்டு ராத்திரி மாட்டிப் பார்த்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

சிஸ்டருக்குத் தகவல் போயிற்று, அனுப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அவர் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனார், பின்னாலேயே நானும் போனேன். பகலில் விழித்திருக்கும்போதே மாட்டிப் பழகினால்தான் ராத்திரி பயம் வராது என்றார். லீவு நாட்களில் மதியம் ஒரு மணி நேரம் அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார். தெருவின் கண்ணியத்தைக் காக்கக் கடிதம் எழுதிய செயலாளர், தெருவை நோக்கி, லுங்கியோடு, மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். தயிர் விற்கும் அம்மாள் முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, சாருக்கு ரொம்ப முடியலையா என்று மனைவியிடம் மெதுவாக விசாரித்தார். நான்காவது வாரம் மெஷின் இருப்பதே மறந்து தூங்கினேன். அந்த வருஷத்தில் முதல் தடவையாக ஆபீஸ் கூட்டம் ஒன்றை ஆரம்பம் முதல் கடைசி வரை கேட்டேன். அவ்வளவு மோசமான கூட்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் நீங்கள் படுத்திருக்கலாமே, உங்கள் தூக்கம் கெடுகிறதே என்று ஒருநாள் கேட்டேன். முப்பது வருஷம் அடுத்தவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் தன்னுடைய வேலை, ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால் ஒன்றும் ஆகிவிடாது என்றார். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வருஷம் வத்தலக்குண்டில் அவருடைய தம்பி வீடு கட்டி, அக்காவுக்கென்று காற்றோட்டமான ஒரு அறை ஒதுக்கினார். சிஸ்டர் ஸ்டாண்டைத் தானே கழற்றி, போல்ட்டுகளை எண்ணிப் பையில் போட்டு, லோடு ஆட்டோவில் ஏறிப் போனார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் நான் பேசத் தயாரித்த உரை வீணாயிற்று.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் மூக்கு மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போய் வருகிறேன். அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். என்ன வேலை என்று அவள் இதுவரை கேட்டதில்லை. போன தடவை நான் செருப்பு மாட்டும்போது, அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். தனக்கும் அங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது என்றாள்.