ஞானி சொன்ன இருபத்தோராயிரம் பழங்கள்

ஊரே குனிந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் குனிந்திருந்தது. லிஃப்டுக்குள் குனிந்திருந்தது. பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே குனிய முயன்று திட்டு வாங்கியது. எல்லாம் போனில் பழம் வெட்டும் விளையாட்டுக்காக. கீழேயிருந்து பழங்கள் எகிறும். விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் இரண்டாகப் பிளந்து சாறு தெறிக்கும். நடுநடுவே ஒரு வெடிகுண்டு வரும். அதைத் தொட்டால் ஆட்டம் காலி. மூன்று வயதுக் குழந்தைக்கு இது மூன்று நிமிடத்தில் அலுத்துவிடும். பெரியவர்களுக்குத்தான் அலுக்கவில்லை.

அலுக்காத பெரியவர்கள் கூடுகிற இடத்தில் ஒரு ஞானி தோன்றாமல் இருப்பாரா? தேங்கிய தண்ணீருக்கு வரச்சொல்லிக் கொசுவுக்கு யாரும் அழைப்பிதழ் அடிப்பதில்லை.

இந்த ஞானி முன்பு ஃப்ரிட்ஜ் விற்றவர். விளையாடி முடித்ததும் கண்ணாடியில் பிசுபிசுவென்று விரல் தடம் மிஞ்சுமே, அதில்தான் மனிதனின் தலைவிதி எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கண்டுபிடித்தார். உள்ளங்கை ரேகை பிறந்தபோது போட்டது, பழசு. திரைத் தடம் இன்றைய தேதி வரைக்கும் புதுப்பித்தது. இந்த ஒரு விளக்கத்திலேயே படித்தவர்கள் விழுந்துவிட்டார்கள். படிக்காதவர்கள், படித்தவர்களே விழுந்ததைப் பார்த்து விழுந்தார்கள்.

கடைவளாகத்தின் இரண்டாம் மாடியில் ஞானியின் கூடம். முதலில் டோக்கன். பிறகு, டோக்கன் கொடுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்க, சொந்த போனில் மூன்று ஆட்டம். அடுத்தவர் போனில் ஆடினால் தடம் கலங்கிவிடுமாம். ஆட்டம் முடிந்ததும் பூட்டை எடுத்துவிட்டு, போனை ஒரு தட்டில் வைக்க வேண்டும். பூட்டிய போனில் தடமும் பூட்டிக்கொள்ளுமாம். தட்டு 'குளிரறை'க்குள் போகும். இருபது நிமிடம் குளிர்ந்தால்தான் தடம் உறையும். உறைந்த தடத்தை டியூப்லைட்டில் சாய்த்துப் பிடித்து, ஞானி உங்கள் வாழ்க்கையை மைக்கில் புட்டுப்புட்டு வைப்பார். அடுத்தவர் விதியைக் கேட்பதற்கென்றே பாதிக் கூட்டம் வந்தது.

பூட்டைத் திறந்த போன் மூடிய அறைக்குள் இருபது நிமிடம் என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் புருஷன் இரண்டு நிமிடம் போனைக் கேட்டால் "எதுக்கு?" என்று முறைக்கும் பெண்கள்தான் அத்தனை பேரும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டே சாப்பிட உட்காரும் ஆண்கள்தான் அத்தனை பேரும்.

ஞானிக்கு ஒரு விரதம் உண்டு. யார் முகத்தையும் பார்க்கமாட்டார். முகம் பொய் சொல்லும், திரை சொல்லாது என்பார். கூட்டம் புல்லரித்துப்போகும்.

அந்தக் கூட்டத்தில் அக்காவும் இருந்தாள்.

அக்கா ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை வளர்த்து, போன் கடையில் திரைக்கு மேல் டெம்பர் கிளாஸ் என்ற காப்புக் கண்ணாடி ஒட்டும் வேலையில் உட்கார வைப்பதற்குள் அதற்கான வயது போய்விட்டது. பித்தப்பையில் கல். ஒருமுறை அடைத்து உயிரைப் பிழிந்துவிட்டது. இன்னொரு முறை அடைத்தால் சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோய்விடும் என்று சொல்லி, டாக்டர் வெள்ளிக்கிழமைக்கு அறுவை சிகிச்சை குறித்திருந்தார். அக்காவுக்குக் கல்லைவிடக் கத்தியிடம்தான் பயம்.

ஞானி அவள் திரையைச் சாய்த்துப் பிடித்தார். வயிற்றுக்குள் ஒரு கத்தி தெரிகிறது என்றார். வெள்ளிக்கிழமை தெரிகிறது என்றார். அப்புறம் மைக்கை நகர்த்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சேதி எழுதி வச்சிருக்கீங்க தாயே. அனுப்பல. 'நான் எழுந்து வரலைன்னா'ன்னு ஆரம்பிக்குது."

அக்கா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

பரிகாரம் சுலபம். கத்திக்குக் கத்திதான் மாற்று. அவள் திரையில் வெட்டினால் டாக்டர் அவளை வெட்டமாட்டார். வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தோராயிரம் பழம். இடையில் வெடிகுண்டைத் தொட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து. தடம் அழியாமல் துடைக்க ஞானியின் துணி தனி விலை.

அன்றே அக்கா மருத்துவமனைக்கு போன் போட்டு, தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு வெட்டத் தொடங்கினாள். வலது கையில் இஸ்திரிப் பெட்டி, இடது கட்டைவிரலில் தர்ப்பூசணி. இரண்டே நாளில் மூன்று காலர் கருகிப்போனது. கேட்டவர்களிடம் மெஷின் சூடு அதிகம் என்றாள். நாலாயிரத்து எண்பதில் ஒரு வெடிகுண்டைத் தொட்டுவிட்டு, உட்கார்ந்து அழுதாள்.

தம்பி கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான், சாப்பிடாமல் இருந்து பார்த்தான். அவன் பங்கையும் அக்காவே சாப்பிட்டாள். வெட்டுவதற்குத் தெம்பு வேண்டுமே.

"எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணை அவர் சொன்னாருடா."

"போனுக்குத் தெரியுமா அது?"

அக்கா ஒரு அன்னாசியை வேண்டுமென்றே பலமாக வெட்டினாள்.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். ஒரு சின்ன சோதனை. ஞானி ஜெயித்தால் மிச்சப் பழத்தில் பாதியைத் தம்பி வெட்ட வேண்டும். தோற்றால் அக்கா வெள்ளிக்கிழமை போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அக்கா உடனே ஒப்புக்கொண்டாள். அவளுக்குக் கட்டைவிரல் வீங்கியிருந்தது.

சோதனைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. சலவைக்கூடத்து மேற்பார்வையாளரை எல்லோரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானியின் பரம பக்தை. அக்காவும் மேடமும் ஒரே கடையில் தவணையில் வாங்கிய ஒரே மாதிரி போன்தான் வைத்திருந்தார்கள். தம்பியின் திமிரை ஞானி அடக்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மேடம் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். புது டெம்பர் கிளாஸ் இலவசம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தம்பி இரண்டு போனிலும் புதுக் கண்ணாடி ஒட்டினான். அழுத்தித் தேய்க்காமல், லேசாக. வியாழக்கிழமை காலை கூடத்தில் இரண்டு பெண்களும் அவரவர் போனில் மூன்று ஆட்டம் ஆடினார்கள். தட்டு வருவதற்குள் தம்பி தூணுக்குப் பின்னால் போனான். நகத்தால் ஒரு நெம்பு நெம்பி, அக்காவின் கண்ணாடியை மேடத்தின் போனிலும், மேடத்தின் கண்ணாடியை அக்காவின் போனிலும் தடம் கலையாமல் மாற்றி ஒட்டினான். தினமும் அறுபது போனுக்கு ஒட்டுகிறவனுக்கு இது கண் சிமிட்டும் வேலை. இப்போது அக்காவின் தடம் மேடத்தின் போன் மேல் இருந்தது. அக்காவின் டோக்கனோடு அந்த போன்தான் தட்டில் ஏறியது. தலைவிதி தடத்தில் இருந்தால் ஞானி அக்காவைச் சொல்வார். அவ்வளவுதான் சோதனை.

இருபது நிமிடம் கழித்து அக்காவின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அக்கா எதிரில் உட்கார்ந்தாள். ஞானி விரதப்படி நிமிரவில்லை. டியூப்லைட்டில் போனைச் சாய்த்தார். காதுமடலைச் சொறிந்துகொண்டார்.

"தாயே, உங்க வீட்டுக்காரருக்கு முதுகுல ஒரு படை. வட்டமா இருக்கு. எந்தக் களிம்புக்கும் கேக்கல."

இல்லாத வீட்டுக்காரருக்கு எந்தக் களிம்பு கேட்கும் என்று அக்கா விழித்தாள். பக்கத்தில் மேடம் மூச்சை உள்ளே இழுத்தார்.

"மூத்த பையன் வண்டி ஓட்டுற பரீட்சையில நாலாவது தடவையும் அதே தூண்ல இடிச்சிருக்கான்."

கூடம் சிரித்தது. மேடம் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். ஞானிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வேலை செய்யிற இடத்துல ஒரு எதிரி தெரியறா. காலரைக் கருக்கிட்டு மெஷின் மேல பழி போடுறவ. இஸ்திரி போடுடீன்னா சட்டையை அடிச்சுக் கொல்றவ. வாய் ஒரு முழம். அவகிட்ட ஜாக்கிரதையா இருங்க தாயே."

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். மேடம் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

"இதை யார்கிட்ட சொன்னீங்க மேடம்?"

"யார்கிட்டயும் வாய் திறக்கல." மேடம் கைப்பையை மூடினார். "தங்கச்சிக்கு மெசேஜ்தான் போட்டேன். நேத்து."

மைக் திறந்தே இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. முதலில் வெட்கம்தான் வந்தது. அனுப்பாமல் வைத்திருந்த அந்த நாலு வரியை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறான். கோபம் அதற்குப் பிறகு வந்தது, நன்றாகவே வந்தது. ஞானியின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். நகத்தை விட்டுக் கண்ணாடியை உரித்தாள்.

"இது என் விரல் தடம். இது இவங்க போன். நீங்க எதைப் படிச்சீங்க?"

ஞானி சமாளித்தார். தடம் போனுக்குள் ஊறும், ஊறினால் கலங்கும், கலங்கினால் மூன்று நாள் விட்டுத்தான் பார்க்க முடியும் என்றார். அக்கா மேடத்தின் போனை மேடத்திடமே கொடுத்துவிட்டு, வெறும் கண்ணாடியை ஞானியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தாங்க. தடம் இருக்கு, போன் இல்ல. படிங்க."

ஞானி பார்த்தார். பிசுக்கு நன்றாகவே தெரிந்தது. அதற்கு அப்பால் அக்காவின் முகமும் தெரிந்தது. விரதம் முறிந்தது. மறுபடி காதுமடலைச் சொறிந்தார்.

தம்பி போய்க் குளிரறைக் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு ஏசி, இரண்டு ஸ்டூல், ஞானியின் கூடப்பிறந்தவள் பெற்ற பையன்கள் இரண்டு பேர். ஒருவன் அடுத்த தட்டிலிருந்த அக்காவின் போனைப் படித்துச் சொல்ல, இன்னொருவன் அதைச் சின்ன மைக்கில் மாமாவின் காதுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். கதவு திறந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அவ்வளவு மும்முரமான வாசகர்கள்.

"'நான் எழுந்து வரலைன்னா பயப்படாதே. உன் நீலச் சட்டை மேல் தட்டுல இருக்கு. இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். அதைப் போட்டுக்கோ.' மாமா, இது முன்னாடியே பார்த்த போன் மாதிரி இருக்கே."

தம்பி கதவைப் பிடித்தபடி நின்றான். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது.

"காலர் கருகலையே?" என்றான்.

"உன் சட்டையை நான் கருக்குவேனாடா?"

அதற்குள் கூடம் எழுந்துவிட்டது. ஞானி ஏமாற்றினார் என்பதற்காக அல்ல. தன் போனில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்தது. எட்டுக் கணவர்கள் மனைவி முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினார்கள். ஞானி அவர்களுக்கும் முன்னால் இறங்கியிருந்தார்.

வெளியே வந்ததும் அக்கா மருத்துவமனைக்கு போன் போட்டாள். இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை தம்பி நீலச் சட்டையோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் அக்கா கண் திறந்தாள். கல்லை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பட்டாணி அளவு. இதற்கா இத்தனை தர்ப்பூசணி என்று அக்கா கேட்டாள். சிரிக்கக் கூடாது, தையல் பிரியும் என்று நர்ஸ் அதட்டினார். அக்கா போனை வாங்கி அந்த நாலு வரியை அழித்தாள். பிறகு போனுக்குப் பூட்டுப் போட்டாள்.

மேடம் பார்க்க வந்தார். காலர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். போகும்போது குரலைத் தாழ்த்தி, அடுத்த தெருவில் ஒருத்தர் வந்திருக்கிறார், சார்ஜர் ஒயரில் விழுந்த சிக்கலைப் பார்த்தே பலன் சொல்கிறாராம், டோக்கன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்.

நாளெல்லாம் கண்ணாடியில் இழுக்கிற அதே விரலால் ஒரு தடவை சொந்த நெற்றியைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்று இருக்கிறது. அதை வேலை செய்ய வைக்க டோக்கன் வேண்டாம், குளிரறை வேண்டாம். அதன் பூட்டை மட்டும் நீங்களே திறக்க வேண்டும்.