பொம்மை வேண்டாம் என்று சொன்னதில்லை

அன்புள்ள அக்கா பெர்னடெட்டுக்கு,

தம்பி அர்மாண்ட் எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன்; நலம் என்று பொய் எழுத மனம் வரவில்லை. அங்கே உன் முழங்காலும் அத்தானின் இரைப்பும் போன தடவையை விட மோசமாகாமல் இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

ஐம்பத்தாறு வயசில் உனக்கு எதுக்குடா படிப்பு என்று நீ கேட்டபோதே நான் உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். காகித ஆலையை மூடினார்கள், சமுதாயக் கல்லூரியில் செவிலியர் உதவியாளர் படிப்பு இருக்கிறது என்றார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். மற்ற எல்லாரும் பத்தொன்பது வயசுப் பெண்கள். டானிக்கா என்று ஒருத்தி, முதல் நாள் என்னை வாத்தியார் என்று நினைத்துத் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். சிரிக்காதே. பழகுவதற்கு எங்களுக்கு ஒரு பொம்மை உண்டு, கட்டிலில் போர்வை போர்த்திப் படுத்திருக்கும். அதற்கு வணக்கம் சொல்லி, நம் பெயர் சொல்லி, திரையை இழுத்து மூடி, இரத்த அழுத்தம் பார்க்கட்டுமா என்று அனுமதி கேட்க வேண்டும். இத்தனையும் வரிசையாக ஒரு பட்டியலில் இருக்கும்; ஒன்றை விட்டாலும் மதிப்பெண் போச்சு. நான் ஒன்றையும் விடவில்லை. நாலு மாதம் கேட்டேன், அது ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வகுப்பிலேயே நான்தான் முதல்.

போன செவ்வாய்க்கிழமை தேர்வுக்காக முதியோர் இல்லத்தில் நிஜ ஆளிடம் செய்துகாட்டச் சொன்னார்கள். திருமதி உலெட், தொண்ணூற்றிரண்டு வயசு, கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முறைப்படி சொல்லி, பார்க்கட்டுமா என்றேன். "வேண்டாம்பா" என்றார். அதற்குள் என் கை அவர் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டது. "வேண்டாம்னு சொல்றேன், காது கேக்கலையா உனக்கு?" என்கிறார், நான் பாட்டுக்கு "நன்றி, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்று அடுத்த வரியை ஒப்பிக்கிறேன். கஞ்சிக் கரண்டியாலேயே மணிக்கட்டில் ஒன்று போட்டார். ஆசிரியை பெல்க்கி வந்து பட்டையை அவிழ்த்தார். "அர்மாண்ட், நீங்க அவங்ககிட்ட அனுமதி கேக்கல. பட்டியல்கிட்ட கேட்டீங்க" என்றார். தேறவில்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் படிப்பிலிருந்தே வெளியே.

அடி வலிக்கவில்லை அக்கா. முப்பது வருஷம் ஆலையில் என்னிடம் யாரும் சம்மதமா என்று கேட்டதில்லை, மூடும்போதும் கேட்கவில்லை. அதையெல்லாம் பட்ட நானே ஒரு வயசானவரிடம் அதையே செய்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் போகப் போவதில்லை. அத்தானின் உருளைக்கிழங்குக் கிடங்கில் மூட்டை தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு எழுது. மூட்டையிடம் அனுமதி கேட்க வேண்டாம்.

உன் வீட்டார் எல்லாரையும் கடவுள் காக்கட்டும். என் விஷயத்தில் அவரைத் தொந்தரவு செய்யாதே.

உன் தம்பி,
அர்மாண்ட்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை இதைத் தபாலில் போடப் புறப்பட்டேன். டானிக்கா வழியில் காரை நிறுத்தி, "ஏறுங்க மாமா, பேசாம ஏறுங்க" என்று இல்லத்துக்கே கொண்டுபோய்விட்டாள். அதே திருமதி உலெட். கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் வேண்டாம்" என்றார். சரிம்மா என்று பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு, அவர் மறுத்துவிட்டதைச் செவிலியரிடம் போய்ச் சொன்னேன். தேர்வுத் தாளில் அளவு எழுத வேண்டிய கட்டம் காலி. எல்லாம் முடிந்தது என்று கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியை பெல்க்கி தாளை வாங்கி, அந்தக் காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.