சுவர் நிறைய மனைவி

வாசகர்களே, மனித குலத்தில் ஒரு பிரிவு உண்டு. கடையில் கிடைக்கும் எதையும் அவர்கள் வாங்க மாட்டார்கள். "இதை நாமே செஞ்சுடலாமே" என்பார்கள். இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் வீட்டுப் பெண்கள் கத்தரிக்கோலை எடுத்து ஒளித்து வைப்பார்கள். இன்னொரு லட்சணமும் உண்டு. எந்தச் செய்முறையையும் பாதிவரைதான் பார்ப்பார்கள். "மீதி புரிஞ்சுபோச்சு" என்று எழுந்துவிடுவார்கள். அந்த மீதியில்தானே ஐயா விஷயமே இருக்கிறது?

நம் விஞ்ஞானியையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்தியோகம், அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடுவது. விஞ்ஞானி என்பது குடியிருப்பு வைத்த பெயர். அவர் செய்த தானியங்கிப் பூட்டு அவருடைய மாமனாரைக் குளியலறைக்குள் இரண்டு மணி நேரம் அடைத்து வைத்த நாளிலிருந்து. அவர் மனைவி நன்றாகப் பாடுவார். இருபது வருஷமாக அடுப்படியிலேயே பாடிக்கொண்டிருந்தவரை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்து, பதிவும் முடிந்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் காட்டப்போகிறார்கள். ஒரே தடவைதான். அந்த அம்மாள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: ஆறு மணிக்கு டிவி ஓட வேண்டும்.

"நீ அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள அடங்கறவளா? சுவர் நிறைய வரணும்" என்றார் விஞ்ஞானி.

நெஞ்சிலிருந்து வந்த பேச்சு, சந்தேகமே வேண்டாம். இந்த இனத்தின் ஆபத்தே அதுதான். பாசம் பொங்கினால் பசை டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.

பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. ஒரு பக்கம் ஓட்டை போட்டு, மாமனார் பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை அதில் பொருத்தி, எதிர்ப்பக்கம் டிவியை இறக்கி, வெளிச்சம் கசியக் கூடாதென்று கறுப்புக் காகிதம் சுற்றி, அதன்மேல் பசை தடவி, அதன்மேல் டேப் ஒட்டி, டிவியைச் சமாதி வைத்துவிட்டார். மாமனார் தலைப்புச் செய்தியோடு பேப்பரை மடித்துவிட்டார். பிறகு விஞ்ஞானி வீடு வீடாகப் போய் எல்லோரையும் அழைத்தார்.

ஞாயிறு, ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். திரைச்சீலைகளை இழுத்து அறையை இருட்டாக்கி, சுவிட்சைப் போட்டார். சுவரில் பற்பசை விளம்பரக்காரர் ஒருவர் தலைகீழாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். குரல் மட்டும் நேராக வந்தது. லென்ஸ் படத்தைக் கவிழ்த்துவிடும், ஆகவே டிவியைத் தலைகீழாக வைத்து ஒட்டவும் என்பது செய்முறையில் அவர் பார்க்காமல் விட்ட பாதியில் இருந்தது.

கூட்டம் நாகரிகமாகக் கீழ்வீட்டுத் தையல்காரர் டிவியைத் தேடிப் போயிற்று.

"நீங்களும் வாங்க. இதைப் பிச்சு எடுக்க இப்ப நேரமில்ல" என்றார் மனைவி.

"நீ போம்மா. ரெண்டே நிமிஷம்."

கத்தியை எடுத்தார். பசை அசையவில்லை, அவர் செய்தவற்றில் உறுதியாக நின்றது அது ஒன்றுதான். மணி ஆறு. பாட்டு ஆரம்பித்தது. சுவர் நிறைய மனைவி, கால் மேலே, தலை கீழே. விஞ்ஞானி கத்தியைப் போட்டார். சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நன்றாகக் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே பார்த்தார். அட, நேராகத்தான் இருந்தாள். எவ்வளவு பெரிதாக இருந்தாள். அவர் அழுதார், கண்ணீர் நெற்றி வழியாகத் தலைமயிருக்குள் போயிற்று.

மனைவி திரும்பி வந்தபோதும் அவர் குனிந்தபடியே இருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் மனைவி, முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே.

"சுவர் நிறைய இருந்தே."

கதை முடிந்தது. பாதியிலேயே "மீதி புரிஞ்சுபோச்சு" என்று எழுந்துபோனவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. கடைசிவரை படித்துவிட்டதால் தப்பித்தோம் என்று நீங்களும் நினைக்க வேண்டாம். டிவியைத் திருப்பி ஒட்டியிருந்தால் சரியாக வந்திருக்குமே என்று இந்த நிமிஷம் மனசுக்குள் ஓடுகிறதல்லவா? அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.