இறக்கையில் இரண்டு கிழிசல்

அன்புள்ள தங்கச்சிக்கு, உன் அண்ணன் ஊசியும் கையுமாக உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாப்பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். நீயும் பிள்ளைகளும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

பழுதுபார்க்கிற வேலை முடியவில்லை என்று வீட்டுக்கே வராமல் மியூசியத்தில் தங்கிவிட்ட உன் புருஷனைக் கையோடு கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி என்னை அனுப்பினாய். சேர்க்கவில்லை. முழுக் கடிதத்தையும் படித்துவிட்டுத் திட்டு. நான் போனபோது மாப்பிள்ளை அந்தப் பழைய விமானத்தின் அடியில் மல்லாந்து கிடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விமானம் என்றால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. மரச்சட்டம், கம்பி, வார்னிஷ் பூசிய துணி, கொடியில் காயப்போட்ட போர்வைக்கு இன்ஜின் மாட்டியதுபோல இருக்கிறது. "நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்லியாச்சு, கிளம்புங்க" என்றால், "இறக்கை முடியட்டும் மச்சான்" என்கிறார். இதில் ஏறிப் பறந்தவனின் தைரியத்தை நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன், டாக்டரின் ஒரு கத்திக்குப் பயப்படுகிறார்.

சரி, தையல்காரன் நான் எதற்கு இருக்கிறேன், இறக்கையை முடித்துவிட்டால் சாக்கு தீர்ந்துவிடும் என்று உட்கார்ந்தேன். லாரியில் ஏற்றும்போது கிழிந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு நூலைக் கொடுத்தார். வெள்ளைத் துணிக்குச் சிவப்பு நூலா, என் கடையில் இப்படித் தைத்தால் துணியை முகத்தில் எறிவார்கள் என்றேன். "தைச்ச இடம் தெரியணும் மச்சான். தெரியாமத் தைச்சா பொய்" என்றார். பிறகு மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். அதே இறக்கையில், விமானி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய கிழிசல் கண்ணில் பட்டது. மாப்பிள்ளைக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வெள்ளை நூலால், கல்யாணத் துணிக்குப் போடுவதுபோல, தைத்ததே தெரியாமல் இழையோட்டி மூடிவிட்டேன்.

திரும்பி வந்தவர் கிழிசலைத் தேடினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விமானம் விழுந்தபோது விமானியின் முழங்கால் கிழித்த இடமாம் அது. அத்தோடு அவன் கதை முடிந்ததாம்.

"இத்தனை வருஷமா இதுக்குத்தான் காவல் இருந்தேன் மச்சான். அவன் இதுல இருந்தான்னு சொல்ல வேற என்ன இருக்கு?"

என் தையலை அவரே பிரித்தார். ஒவ்வொரு இழைக்கும் நின்று மூச்சு வாங்கினார். என் வாய் சும்மா இருக்குமா.

"ஏத்தினவன் கிழிச்சா தைக்கலாம், செத்தவன் கிழிச்சா தைக்கக்கூடாது. உங்க நெஞ்சுல இருக்கிறது எந்த ரகம் மாப்பிள்ளை?"

"அது தெரிஞ்சிடும்னுதான் போகலை" என்றார்.

நான் சிவப்பு நூலை ஊசியில் கோத்தேன். ஆகையால் நீ வர வேண்டாம். நீ வந்தால் அழுவாய், அவர் இன்னொரு கிழிசல் கண்டுபிடிப்பார். மிச்சத் தையலோடு நான் பக்கத்திலேயே இருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லாரும் மூச்சு வாங்காமல் நெடுநாள் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரை அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விடு. இதைக் கொண்டுவரும் மியூசியம் டிரைவரின் வண்டியிலேயே ஏறி நேரே ஆஸ்பத்திரிக்கு வா. சிவப்புத் தையலின் கடைசி முடிச்சையும் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை விரலால் தடவிப் பார்த்தார். பிரிக்க ஒன்றும் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "டாக்டர்கிட்ட சிவப்பு நூல் இருக்குமா மச்சான்?" என்றார். நான் சிரித்தேன். அவர் என் கையை விடவில்லை.